வடக்குத் திட்டில் முப்பத்தெட்டுக் கூடுகள்

முனியசாமிக்குக் கமுதிக்குப் பக்கத்தில் ஊர். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும். முப்பது வயதுவரை அவன் அப்படிப் போய்ப் பார்த்தது இரண்டே தடவை. ஓமானுக்கு வந்த பிறகோ, கடலைத் தவிரப் பார்க்க வேறொன்றும் இல்லை என்றாகிவிட்டது.

சோஹார் நகரத்தைத் தாண்டி வடக்கே, கரையை ஒட்டிய வெற்று நிலத்தில், பெரிய இரும்புக் குழாய்களை அடுக்கி வைப்பதற்கு அவனுடைய கம்பெனி ஒரு யார்டு கட்டிக்கொண்டிருந்தது. டிப்பர் லாரிகள் மலைப் பக்கத்திலிருந்து கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டும். முனியசாமி அங்கே சிக்னல்மேன். லாரி பின்னால் வரும்போது டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்று பச்சைக் கொடியை ஆட்டி வரவழைக்க வேண்டும்; போதும் என்ற இடத்தில் சிவப்புக் கொடியைத் தூக்க வேண்டும். ஒரு லாரி போய் அடுத்தது வரும்வரை பத்து நிமிடமோ கால் மணி நேரமோ சும்மா நிற்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவன் கடல்காக்கைகளை எண்ண ஆரம்பித்தான்.

முதலில் வெறும் எண்ணிக்கை. பிறகு எல்லாம் ஒன்றல்ல என்று தெரிந்தது. ஒன்றுக்கு மஞ்சள் கால், இன்னொன்றுக்கு வெளிறிய கால். ஒன்று புகை படிந்த அடுப்புச் சுவர் நிறத்தில் இருந்தது. மெலிந்த அலகுடைய ஒரு வகை, வெயில் சாயும்போது மார்பில் லேசான ரோஜா நிறம் காட்டியது. சிமெண்ட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரியில், தேதி போட்டு, தானே வைத்த பெயர்களில் எழுதிக்கொண்டான். ‘மஞ்சக்கால் 140. அடுப்புக்கரி 22. மெலிஞ்ச மூக்கு 61.’

கேம்ப்பில் அவனோடு அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையில் மற்றவர்கள் துவைத்துக் காயப்போட்டு, ஊருக்குப் போன் பேசி, தூங்கி எழுவார்கள். இவன் விடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு கடற்கரைக்கு நடப்பான். பழைய சாமான் கடையில் வாங்கிய பைனாகுலர் ஒன்று வைத்திருந்தான். அதில் இடது பக்கக் கண்ணாடி பூஞ்சை பிடித்துக் கிடந்தது. வலது பக்கத்தை மட்டும் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான்.

“மச்சான், உனக்கு எவனாவது இதுக்கு ஓ.டி. குடுக்குறானா?” என்று கேட்டான் டிப்பர் டிரைவர் செய்கு முகம்மது. அவனுக்குக் கீழக்கரைப் பக்கம். ராமநாதபுரத்துக்காரர்கள் என்ற உறவில் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைத்துக்கொள்வார்கள்.

“ஓ.டி. குடுத்தா போர்மேன் சொல்லுறதத்தான் எண்ணணும். இது நானா எண்ணுறது” என்றான் முனியசாமி.

2006ஆம் வருடம் பிப்ரவரி கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, உப்பங்கழி கடலில் கலக்கும் இடத்தில் ஒரு பெண்மணி முக்காலி மேல் தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை முனியசாமி கண்டான். நாற்பத்தைந்து வயது இருக்கும். சல்வார் கமீஸ், தலையில் துணித் தொப்பி. மரியாதைக்குத் தள்ளி நின்று தன்பாட்டுக்கு எண்ணினான். அவனுக்கு வாய்விட்டு எண்ணித்தான் பழக்கம்.

“முந்நூத்திப் பத்து, பதினொண்ணு, பன்னெண்டு…”

அந்தப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். “நீங்க தமிழா? எந்தக் கூட்டத்தச் சொல்றீங்க, மணல் மேல உக்காந்திருக்கே, அதுவா? எனக்கு இருநூத்தித் தொண்ணூறுதானே வந்தது?”

“பின்னால பள்ளத்துல ஒரு வரிசை இருக்கு மேடம். தலை மட்டுந்தான் தெரியும்.”

அவர் மறுபடி எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. பெயர் ஷியாமளா என்றும், திருச்சியில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர் என்றும், கணவர் வேலைக்காக எல்லாவற்றையும் விட்டு இங்கே வந்ததாகவும் சொன்னார். கணவர் சேதுராமன் என்றதும் முனியசாமி ஒரு அடி பின்னால் வைத்தான். சேதுராமன் அவனுடைய யார்டின் சைட் இன்ஜினியர்.

“ஏன் பின்னால போறீங்க? அவர் பறவை பாக்க வரமாட்டார். பயப்படாதீங்க” என்று சிரித்தார் ஷியாமளா.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் இருவரும் அதே இடத்தில் பார்த்துக்கொண்டார்கள். பெயர்களும் படங்களும் உள்ள புத்தகம் ஷியாமளாவிடம் இருந்தது. ஆனால் புத்தகத்தில் இல்லாத சில விஷயங்கள் முனியசாமியிடம் இருந்தன, ஏனென்றால் அவன் வாரத்தில் ஆறு நாளும் அங்கேயே நின்றான். மார்ச் நடுவில், தலை முழுக்கக் கறுத்த பெரிய கடல்காக்கை ஒன்று வந்து இறங்கியது. புதிதாக வந்திருக்கிறது என்று ஷியாமளா குறித்துக்கொண்டார்.

“புதுசு இல்ல மேடம். அதே பறவதான். தை மாசம் கண்ணுக்குப் பின்னால மை அழிஞ்ச மாதிரி கொஞ்சூண்டு இருந்துச்சு. வாரா வாரம் கூடி இப்ப தலை பூராக் கறுத்துருச்சு. டைரில போட்டுருக்கேன்.”

ஷியாமளா அந்த டைரியை வாங்கி, நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தன்னுடைய பழைய பைனாகுலரைக் கொண்டுவந்து கொடுத்தார். “ரெண்டு கண்ணாலயும் பாருங்க. எனக்கு இது சும்மாதான் கிடக்கு.”

மார்ச் மாதக் கடைசியில் கடல்காக்கைகள் கிளம்பின. மதிய வெயிலில் மணலை விட்டு எழும்பி, வட்டமடித்து வட்டமடித்து உயரே போய், புள்ளியாகி, வடக்கே திரும்பும். ஒரே நாளில் நானூற்று எழுபது போனதை முனியசாமி கொடியும் கையுமாக நின்று எண்ணினான். ஏப்ரல் முதல் வாரத்தில் கரை வெறிச்சோடிவிட்டது. அடுப்புக்கரி மட்டும் கொஞ்சம் மிஞ்சியது.

அப்போதுதான் சின்னப் பறவைகள் வந்தன. கைப்பிடி அளவு உடம்பு, நீண்ட கூரிய இறக்கை, மஞ்சள் அலகின் நுனியில் கறுப்பு, கறுத்த தலையில் நெற்றி மட்டும் வெள்ளை. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, சட்டென்று குத்தி விழுந்து, மீனோடு எழும்.

“இது ஆலாடா மச்சான்” என்றான் செய்கு முகம்மது, லாரியிலிருந்து தலையை நீட்டி. “எங்க கடல்ல பெருசு இருக்கும். ஆலா விழுற எடத்துல வலை போடுவாங்க. ஆனா இத்தினியூண்டு ஆலா நான் பாத்ததில்ல.”

யார்டின் வடக்கு ஓரத்தில், வேலிக்கு உள்ளே, சிப்பித் துண்டுகள் கலந்த ஒரு மணல் திட்டு இருந்தது. ஆலாக்கள் அங்கே இறங்கின. நான்காம் நாள் முனியசாமி பைனாகுலரில் பார்த்தபோது, ஒரு பறவை எழுந்த இடத்தில் வெறும் மணல் குழியில் இரண்டு முட்டைகள் கிடந்தன. மணல் நிறத்தில் பழுப்புப் புள்ளிகள். ஒரு அடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பத்து நாளில் அப்படி முப்பத்தெட்டுக் கூடுகள் ஆயின.

வெயில் நாற்பதைத் தொட்டது. ஒரு மத்தியானம், அடைகாத்த ஆலா ஒன்று கடலுக்குப் பறந்து போய், மீன் பிடிக்காமல் வயிற்றை மட்டும் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் தோய்த்துவிட்டுத் திரும்பி வந்து முட்டை மேல் உட்கார்ந்ததை அவன் பார்த்தான். ஈர வயிற்றால் முட்டையைக் குளிர வைக்கிறது.

ஷியாமளாவுக்குப் போன் செய்து சொன்னான். “வெயில்ல பறவை எழுந்துபோனா எவ்வளவு நேரம் தாங்கும் மேடம்?”

“சில நிமிஷந்தான். அப்புறம் உள்ள இருக்கறது வெந்துடும். யாரையும் கிட்ட விடாதீங்க. குஞ்சு பொரிக்க மொத்தம் மூணு வாரம் ஆகும்.”

ஏப்ரல் பதினேழாம் தேதி சாயங்காலம், டியூட்டி முடிகிற நேரத்தில், சேதுராமன் வரைபடத்தோடு வந்து போர்மேனிடம், நாளை காலையிலிருந்து வடக்குத் திட்டை நிரப்ப வேண்டும் என்றார். முனியசாமி பின்னாலேயே போனான்.

“சார், அங்க ஆலா அடைகாக்குது. முப்பத்தெட்டுக் கூடு.”

சேதுராமன் நல்ல மனிதர்தான். ஆனால் அன்று முழுக்க முதீர், அதாவது மேனேஜர், போனில் அவரைக் காய்ச்சி எடுத்திருந்தார். “முனியசாமி, இது என்ன சரணாலயமா? ஏற்கெனவே ஒன்பது நாள் லேட். போய் பஸ்ல ஏறு.”

“தெக்குப் பக்கம் மொதல்ல அடிக்கலாம்ல சார்?”

“டிராயிங்க நீ போடறியா, நான் போடறேனா?”

முனியசாமி பஸ்ஸில் ஏறினான். கேம்ப்புக்குப் போகும் வழியில் ஷியாமளாவுக்குப் போன் செய்து, நாளை திட்டை நிரப்பப் போகிறார்கள் என்றான். இறங்கும்போது செய்கு முகம்மதுவிடம் ஒன்று மட்டும் சொன்னான்.

“நாளைக்கு மொத லோடு உன்னுதுதான மச்சான்? நான் பச்சை காட்ட மாட்டேன்.”

செய்கு முகம்மது அவனையே பார்த்தான். “வெளையாடாத. விசாவக் கேன்சல் பண்ணி ஏத்திவிட்ருவாங்க.”

“ஏத்திவிடட்டும்.”

மறுநாள் காலை ஆறரை மணிக்குச் செய்கு முகம்மதுவின் டிப்பர் திட்டின் விளிம்பில் வந்து திரும்பி நின்றது. பின்பக்கம் திட்டை நோக்கி இருந்தது. லாரிக்கும் திட்டுக்கும் நடுவில் முனியசாமி நின்றான். வலது கையில் சிவப்புக் கொடி. அதைத் தலைக்கு மேல் தூக்கினான். தூக்கியபடியே நின்றான்.

யார்டின் வாசலில் ஒரு பலகை உண்டு. அரபியிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் எழுதியிருக்கும்: ‘சிக்னல் இல்லாமல் வண்டியைப் பின்னால் எடுக்காதே. யார் சிவப்புக் கொடி தூக்கினாலும் வண்டி நிற்க வேண்டும்.’ முந்தைய வருடம் ஒரு நேபாளத் தொழிலாளி பின்னால் வந்த டிப்பருக்கு அடியில் போய்விட்டான். அதற்குப் பிறகு வந்த பலகை அது. அன்று அந்த டிப்பருக்கு அடுத்து நின்ற லாரியில் செய்கு முகம்மது இருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டவன்.

அவன் இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

என்ன ஆயிற்று, சீக்கிரம் ஆகட்டும் என்று கத்தியபடி போர்மேன் ஓடி வந்தார். “க்யா ஹுவா? யல்லா, யல்லா! ஜல்தி!”

“அண்டா ஹை. காடி நஹீ ஆயேகா” என்றான் முனியசாமி. முட்டை இருக்கிறது, வண்டி வராது. அவனுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அதுவே போதுமாகவும் இருந்தது.

போர்மேன் செய்கு முகம்மதுவிடம் போனார். செய்கு முகம்மது ஜன்னலைப் பாதி இறக்கி, “லால் ஜண்டா, பாய். போர்டு மே லிக்கா ஹை” என்று வாசல் பலகைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டான்.

பின்னால் இன்னும் இரண்டு டிப்பர்கள் வந்து நின்றன. பிறகு நான்கு. போர்மேன் தெற்குப் பக்கத்திலிருந்து இன்னொரு சிக்னல்மேனைக் கூட்டிவந்தார். பீகார்க்காரன். அவன் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வந்து, முனியசாமியின் சிவப்புக் கொடியைப் பார்த்தான், திட்டில் உட்கார்ந்திருந்த பறவைகளைப் பார்த்தான், போர்மேனைப் பார்த்தான். சிவப்பு இருக்கும்போது பச்சை காட்டினால், ஏதாவது ஆனால், பொறுப்பு தன் தலையில் விழும் என்று முணுமுணுத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

வலது கை மரத்தபோது முனியசாமி கொடியை இடது கைக்கு மாற்றினான். அதுவும் மரத்தபோது மறுபடி வலது கை. எட்டு மணிக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறியது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. மரத்துப்போன மற்றக் கையால் துடைக்க முடியவில்லை. பின்னால் ஆலாக்கள் கிறீச்சிடுவதும், கடலுக்குப் போய்த் திரும்புவதும் கேட்டது. இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்தவன், இன்று அவற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறோமே என்று ஒரு கணம் சிரிப்பு வந்தது. பயமும் இருந்தது. வீட்டில் மனைவி நாகவள்ளி இருக்கிறாள், இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களையெல்லாம் நினைக்காமல் அவன் நிற்கவில்லை. நினைத்துக்கொண்டேதான் நின்றான்.

சேதுராமன் எட்டரைக்கு வந்தார். நேராக அவனிடம் நடந்து வந்தார்.

“இறக்கு அத.”

“மாட்டேன் சார்.”

“உனக்குப் பைத்தியமா? முதீர் வந்துண்டிருக்கார். இப்ப இறக்கினா நான் சமாளிச்சுப்பேன்.”

“மூணு வாரம் குடுங்க சார். நானே பச்சை காட்டுறேன். அதுவரைக்கும் எறக்க மாட்டேன்.”

“மூணு வாரம்னு யார் சொன்னா?”

“மேடம்.”

முனியசாமியின் கழுத்தில் தொங்கிய பைனாகுலர் அப்போதுதான் சேதுராமன் கண்ணில் பட்டது. அதன் வாரில், அவர் வீட்டு அலமாரியில் பல வருடம் கிடந்த பச்சை நாடா கட்டியிருந்தது. அவர் மெதுவாக, “காலைல அவ ஏன் என்கூடப் பேசலன்னு இப்பத்தான் புரியறது” என்றார்.

பத்து மணிக்கு முதீர் வந்தார். வெள்ளை லேண்ட் குரூசரிலிருந்து இறங்கி, பூட்ஸும் ஹெல்மெட்டுமாக, யாரையும் பார்க்காமல் முனியசாமியைத் தாண்டி நேராகத் திட்டுக்குள் நடந்தார். என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார் போல. அவருக்குப் பின்னால் போர்மேனும் இன்னும் இரண்டு பேரும். அத்தனை ஆலாக்களும் ஒரே நேரத்தில் எழும்பின. தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தன. கீழே எழுபது முட்டைகள் வெயிலில் திறந்து கிடந்தன.

“ஸ்டாப்!”

முனியசாமி அவர்கள் முன்னால் குதித்தான். சிவப்புக் கொடி முதீரின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. “ஸ்டாப்! நோ வாக்! எக், எக்!”

கொடியைப் பார்த்தால் நிற்பது அந்த யார்டில் எல்லாருக்கும் காலில் ஊறியிருந்தது. முதீர் தூக்கிய காலோடு அப்படியே நின்றார். முனியசாமி குனிந்து விரலால் காட்டினான். அந்த பூட்ஸுக்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில், இரண்டு முட்டை.

“பேக். ஸ்லோ. மை லெக், யுவர் லெக்” என்றான். தன் கால் வைத்த இடத்திலேயே காலை வைக்கச் சொல்கிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது. முனியசாமி அவர்களைச் சுற்றி முன்னால் போக, முதீர் அவன் காலடித் தடங்களில் மிதித்து வெளியே வந்தார். மற்ற மூவரும் வந்தார்கள். ஒரு தொழிலாளி முன்னால் நடக்க, அவன் காலைப் பார்த்து மேனேஜர் நடந்ததை ஒன்பது டிப்பர் டிரைவர்கள் தங்கள் கண்ணாடிகளில் பார்த்தார்கள். ஒருவன் ஹாரன் அடித்தான். அது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

வெளியே வந்ததும் முதீருக்குக் கோபம் வந்தது. ஆங்கிலத்தில் கத்தினார். முனியசாமிக்கு ‘கேன்சல்’, ‘எக்ஸிட்’ என்ற இரண்டும் விளங்கின.

“ஓகே” என்றான். “கேன்சல் ஓகே. லாரி நோ.”

அப்போது சேதுராமன் வரைபடத்தை விரித்தார். தெற்கு முனையில் கடல் ஓரமாகப் பெரிய கல் அடுக்கும் வேலை பாக்கி இருக்கிறது, அதை எப்படியும் செய்தாக வேண்டும், அதை முன்னால் இழுத்துக்கொண்டால் மொத்தக் கணக்கில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நேற்று முனியசாமி கேட்டதும் அதைத்தான். ஆனால் அதை ஒரு இன்ஜினியர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. பாதுகாப்பைச் சோதிக்க ஆட்கள் வரப்போகிற வாரத்தில், சிவப்புக் கொடியை மீறி வண்டி எடுத்ததாக எவனாவது எழுதிவிட்டால் வம்பு என்றும் சேர்த்துக்கொண்டார். முதீர் வரைபடத்தில் தெற்கு முனையை விரலால் தட்டினார். “த்ரீ வீக்ஸ்” என்றார். “கலாஸ்.” அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

டிப்பர்கள் தெற்கே திரும்பின. செய்கு முகம்மது போகும்போது ஜன்னலை இறக்கி, “கைய எறக்குடா மச்சான், போதும்” என்றான். முனியசாமியால் உடனே இறக்க முடியவில்லை. தோள் பூட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துத்தான் கீழே கொண்டுவந்தான்.

மத்தியானம் அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் ஒரு காகிதம். சேதுராமன் தமிழில் படித்துச் சொன்னார்: “‘எந்தக் காரணமும் இல்லாமல் நான் வேலையை நிறுத்தினேன். இனி பணியிடத்தில் பைனாகுலர் வைத்துக்கொள்ள மாட்டேன்.’ கையெழுத்துப் போட்டா இங்கயே இருக்கலாம். போடலேன்னா இப்ரி சைட்டுக்கு அனுப்பச் சொல்றார். முனியசாமி, இப்ரி பாலைவனம். கடலே கிடையாது. போட்டுடு.”

“‘எந்தக் காரணமும் இல்லாம’ன்னு இருக்கா சார்?”

“இருக்கு.”

“அத அடிக்கச் சொல்லுங்க. ‘முப்பத்தெட்டுக் கூடு இருந்துச்சு, அதனால நிறுத்துனேன்’னு எழுதச் சொல்லுங்க. அடியில கையெழுத்து, கைநாட்டு, எது வேணாலும் வைக்கிறேன்.”

சேதுராமன் முதீரிடம் சொன்னார். முதீர் முடியாது என்று தலையாட்டினார். பிறகு கையை நீட்டி, பைனாகுலரைக் கழற்றித் தரச் சொன்னார்.

“இது என்னுது இல்ல சார்” என்றான் முனியசாமி, சேதுராமனைப் பார்த்து. “யாருதுன்னு நீங்களே சொல்லுங்க.”

சேதுராமன் முதீர் பக்கம் திரும்பினார். “இட் பிலாங்ஸ் டு மை வைஃப்” என்றார்.

முதீர் நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். முனியசாமி பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் காலை அவனை இப்ரிக்கு ஏற்றிவிட்டார்கள். மூன்று மணி நேரப் பயணம். அங்கே ஒரு ரோடு வேலை. சுற்றிலும் சரளைக் கல். தண்ணீர் என்றால் டாங்கரில் வருவது மட்டும். அங்கேயும் அவனுக்குச் சிக்னல்மேன் வேலையே கொடுத்தார்கள், ஏனென்றால் அந்த வேலையில் அவன்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. போர்மேன் முதல் நாளே எச்சரித்தார்: “இங்கே பறவை கிறவை ஒன்றும் இல்லை.” முனியசாமி சரி என்றான். இரண்டாம் நாள் மின்கம்பியில் நான்கு பனங்காடை உட்கார்ந்திருந்ததை எழுதிக்கொண்டான்.

முதல் வெள்ளிக்கிழமை வண்டி கிடைக்கவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே போயின. ஷியாமளா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் குஞ்சு ஏப்ரல் இருபத்தேழில். மே நான்குக்குள் இருபது. திட்டைச் சுற்றிச் சேதுராமன் ஒரு நாடாவைக் கட்டச் சொல்லியிருக்கிறார், யார் கேட்டாலும் சர்வே வேலை என்று சொல்லச் சொல்லி.

மே பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, சோஹாரிலிருந்து டீசல் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய டாங்கரில் முனியசாமிக்கு இடம் கிடைத்தது. ஓட்டியவன் சுஐபு, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். “அண்ணே, ஒரு பறவையப் பாக்கவா ஆறு மணி நேரம் போக வர?”

“ஒண்ணு இல்ல. எத்தனைன்னு பாக்கப் போறேன்.”

யார்டு வாசலில் காவலாளி அவனை உள்ளே விடவில்லை. பட்டியலில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். முனியசாமி வாதாடவில்லை. வேலியை ஒட்டியே கடல்வரை நடந்தான். வேலி அலை ஏறும் இடத்தோடு முடிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கி, வேலிக்கு வெளியே, கடலுக்குள்ளாகவே வடக்கே நடந்தான். காவலாளி பின்னாலேயே மணலில் ஓடிவந்து, தடை, திரும்பி வா என்று கத்தினான்.

“மம்னூ! மம்னூ! வாப்பஸ் ஆவ்!”

“கம்பெனி மே நஹீ ஹூன், பாய். சமந்தர் மே ஹூன்” என்றான் முனியசாமி, திரும்பாமலே. கம்பெனிக்குள் இல்லை, கடலில் இருக்கிறேன். காவலாளி அலை விளிம்பில் நின்று காலணியைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான்.

ஷியாமளா தொலைநோக்கியோடு அங்கே முன்பே வந்திருந்தார். ஆச்சரியமாக, சேதுராமனும் வந்திருந்தார், பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு. மூவரும் தண்ணீரில் நின்றார்கள். ஆலாக் குஞ்சுகள் மணல் நிறத்தில், மணலோடு மணலாகத் திட்டின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தன. தாய்ப்பறவை மீனோடு வந்தால், எங்கிருந்தோ முளைத்தது போல ஒன்று எழுந்து ஓடும். மீன் வாய்க்குள் போனதும் மறுபடி மணலாகிவிடும். சில பெரியவையாகி, இறக்கையை அடித்து ஒரு முழம் எழும்பிப் பொத்தென்று விழுந்தன.

“எல்லாம் பிழைக்கல” என்றார் ஷியாமளா. “பதினோரு கூடு நாய்கிட்டப் போயிடுத்து. நாலு முட்டை பொரிக்கல.”

“சரி மேடம்.”

சேதுராமன் அவனைப் பார்க்காமல் பேசினார். “நாளன்னிக்கு இங்க மண் அடிக்கணும். மூணு வாரம்னு சொன்னது முடிஞ்சு நாலு நாள் கூடவே இழுத்துட்டேன். அடுத்த வருஷம் முழுக்க கான்கிரீட்தான். இதுக்கு மேல என்னால முடியாது, முனியசாமி.”

“நாளன்னைக்குள்ள இதுக பாதி கடலோரமா ஓடிப் போயிரும் சார். அடுத்த வருஷம் வேற எடம் பாக்கும். நானும் எங்கன்னு பாத்துக்கிறேன்.”

“உன்னத் திரும்ப இங்க மாத்தச் சொல்லிக் கேக்கட்டுமா? முதீர் கிட்ட அந்தப் பேப்பர் இன்னும் இருக்கு.”

“அந்த வார்த்தைய அடிச்சாரா சார்?”

“இல்ல.”

“அப்ப இப்ரியே இருக்கட்டும்.”

அவன் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, திட்டின் இடது முனையிலிருந்து ஆரம்பித்தான். வாய்விட்டே எண்ணினான். ஷியாமளா தன் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். நடுவில் சேதுராமன், “அதோ, அந்தக் கல்லுக்குப் பின்னால ஒண்ணு” என்று கையை நீட்டினார். பறவையைப் பற்றி அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. ஷியாமளா திரும்பிக் கணவரைப் பார்த்தார், மறுபடி தொலைநோக்கியில் குனிந்தார்.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. காவலாளிக்குப் பின்னால் சாலையில் டாங்கரின் ஹாரன் கேட்டது. சுஐபு கிளம்ப வேண்டும். இரண்டு மணிக்குள் டீசல் ஏற்றிக்கொண்டு மறுபடி இப்ரி போக வேண்டும். ஹாரன் இரண்டாம் முறையும் அடித்தது.

முனியசாமி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, பொறு என்று விரித்துக் காட்டிவிட்டு, இருபத்திரண்டாவதைத் தேடினான்.